அயர்லாந்துக்காக ஒறுத்தல் இருந்த அண்ணை

அயர்லாந்துக் கிரிக்கெட் அணிக்காக இந்த உலகத்தில் அதிக நாட்கள் மச்சம் மாமிசம் தொடாமல் இருந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர் அல்லர். கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில், எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் குடியிருந்த ஒரு தமிழர். இதை நான் கோவில் வாசலில் நின்றும் சொல்வேன். எங்களுக்கு உபவாசம் என்றால் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அவருக்கு அயர்லாந்து துடுப்பெடுத்தாடுகிற நாளெல்லாம் பெரிய வெள்ளி. எங்கள் தவக்காலம் நாற்பது நாளில் முடிந்துவிடும். அணி வெளிநாட்டுப் பயணம் புறப்பட்டுவிட்டால் அவருடைய தவக்காலம் இரண்டு மாதம் ஓடும்.

எல்லோருக்கும் அவர் அயர்லாந்து அண்ணை. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும்தானே. ஆனால் அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் அயர்லாந்திலிருந்து வந்தவர் என்று நினைப்பார்கள். ஒருவர் தன் மகளை டப்ளினில் டொக்டருக்குப் படிக்க அனுப்பலாமா என்று விசாரிக்க வந்து, ஒரு மணித்தியாலம் கிரிக்கெட் கேட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு இறங்கிப் போனார். உண்மையில் அண்ணை அந்த நாட்டை விமானத்தின் யன்னலாலும் கண்டதில்லை. கனடாவுக்கு வரும்போது அதற்கு மேலால்தான் வந்திருப்பார், அந்த நேரம் நித்திரையாம். வாழ்க்கையில் தான் செய்த பெரிய பிழை அதுதான் என்று பாவசங்கீர்த்தனம் செய்கிற முகத்தோடு சொல்வார்.

அணி முழுவதும் அவருக்குப் பெரிதில்லை. அதில் ஒரேயொருவர். இடதுகைத் துடுப்பாட்டக்காரர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. மனுசன் இப்போது ஓய்வு பெற்று, பெண்சாதி பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறார். தன்னுடைய முழங்கால் நோவுக்காக ஸ்காபரோவில் ஒருவர் இரண்டு முழங்காலிலும் நின்று செபமாலை சொன்ன கதை அவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. அண்ணை அவரைப் 'பெடியன்' என்பார். கோவிலில் பூசைக்குக் கருத்துக் கொடுக்கும்போது, அதாவது யாருக்காக மன்றாட வேண்டும் என்று பெயர் கொடுக்கும்போது மட்டும், 'பற்றிக்' என்று எழுதுவிப்பார். அது அவருடைய பெயர் இல்லையே என்று ஒருநாள் கேட்டேன்.

"அயர்லாந்தில பிறந்தவனுக்கு ஞானஸ்நானப் பேர் வேற என்ன இருக்கப் போகுது? எழுதும் தம்பி. கடவுளுக்கு ஆள் விளங்கும்."

பெடியன் துடுப்போடு நிற்கும்வரை அண்ணை உட்கார மாட்டார். அங்கே காலையில் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு விடிய முன்னமே தொடங்கிவிடும். கம்பளி மேல்சட்டையோடு வரவேற்பறையின் நடுவில் நேராக நிற்பார். நற்செய்தி வாசிக்கும்போதுகூட இவர் இப்படி நின்றதில்லை என்பது அவருடைய மனைவி திரேசாக்காவின் குற்றச்சாட்டு. ஒரு முறை பெடியன் நாள் முழுக்க ஆட்டமிழக்காமல் நின்றார். அண்ணையும் நின்றார். அடுத்த நாள் பெடியன் மைதானத்துக்கு ஓடிப் போனார். அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனார்.

கணினியும் கைத்தொலைபேசியும் வீட்டுக்குள் வராத காலத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. அயர்லாந்து ஆட்டத்தின் விபரம் கனடாவில் எந்தப் பத்திரிகையிலும் வராது. அண்ணை எங்கேயோ தேடி, மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மதுச்சாலையின் தொலைபேசி எண்ணைப் பிடித்துவிட்டார். ஊருக்குப் பேச வாங்குகிற கோலிங் காட் என்ற தொலைபேசி அட்டையைச் சுரண்டி அங்கே அடிப்பார். ஒரு நடுவயதுப் பெண் எடுப்பாள். "பெடியன் ஹவ் மச்?" என்று கேட்பார். அவள் முதலில் பயந்திருப்பாள், பிறகு பழகிவிட்டாள். அந்த நாட்டுப் பெண்கள் யாரோடு பேசினாலும் "லவ்" என்று சேர்த்துச் சொல்வார்களாம். ஒருநாள் திரேசாக்கா அடுத்த அறைத் தொலைபேசியைத் தூக்கிக் கேட்டுவிட்டா. "நதிங், லவ்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நதிங், ஒன்றுமில்லை என்றது ஓட்டத்தை என்று விளங்கப்படுத்த அண்ணைக்கு மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் அவருக்கு இறைச்சி மட்டுமில்லை, சோறும் இல்லை.

மில்லிக்கனில் ஒரு நண்பர் வீட்டு நிலக்கீழ் அறையில் இலங்கையும் அயர்லாந்தும் மோதிய ஆட்டத்தைப் பார்க்க இருபது பேர் கூடியிருந்தோம். எல்லோரும் இலங்கைக்குக் கைதட்டினார்கள். அண்ணை ஒற்றை ஆளாக எழுந்து நின்று மற்றப் பக்கத்துக்குத் தட்டினார். ஊரை மறந்த மனுசன் என்று ஒருவர் நக்கலடித்தார். அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை. பெடியன் ஆட்டமிழந்த பிறகுதான் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்:

"நான் ஊருக்கு எதிராய்த் தட்டேல்லை. என்ர பிள்ளைக்குத் தட்டினனான்."

அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் அவரைப் பகிடி பண்ணவில்லை. ஏனென்றால் எங்களுக்கு விசயம் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணைக்கும் திரேசாக்காவுக்கும் ஒரே பிள்ளை, அமலன். ஊரில் சண்டை நடந்த காலம், பதினேழு வயதில், ரியூசன் வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போது, சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவனை மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. அடுத்த வருடம் இவர்கள் இருவரும் கனடா வந்தார்கள். அண்ணைக்கு விமான நிலையத்துக்கும் ஒரு ஹோட்டலுக்கும் இடையில் வான் ஓட்டுகிற வேலை கிடைத்தது.

சில வருடம் கழித்து ஒரு கோடையில், ஏதோ ஒரு போட்டிக்கு அயர்லாந்து அணி ரொறன்ரோவுக்கு வந்து அந்த ஹோட்டலில்தான் தங்கியது. காலையில் அவர்களை மைதானத்துக்கு ஏற்றிப் போவது அண்ணையின் வான். அணியில் ஆக இளையவர் பைகளையெல்லாம் ஏற்றிவிட்டு, கடைசியாக ஓடிவந்து சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் இருப்பார். அண்ணையின் ஆங்கிலம் சந்திக்குச் சந்தி நின்று போகிற பஸ் மாதிரி. அப்படி நின்று நின்று, அந்த இளைஞர் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார் என்றும், லீவு எடுத்து வந்திருக்கிறார் என்றும், இன்னும் ஓர் ஆட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை என்றும் அறிந்துகொண்டார். நாலாம் நாள் வயதைக் கேட்டார். நாளைக்கு எனக்கு இருபத்திரண்டு பிறக்கிறது என்றார் அவர்.

அடுத்த நாள் அமலனுக்கும் இருபத்திரண்டு. திகதி, மாதம், வருடம் மூன்றும் ஒன்று.

அதைக் கேட்ட அன்று அண்ணை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. அயர்லாந்து தேசிய அணி மைதானத்துக்குப் போகாமல் நெடுஞ்சாலையில் ஒஷாவாப் பக்கமாக இருபது நிமிடம் போனது. பின்னால் இருந்த பயிற்றுநர் கத்தியபோதுதான் அண்ணைக்குக் கண் தெரிந்ததாம்.

திரேசாக்கா அமலன் காணாமல் போன பிறகும் ஒவ்வொரு வருடமும் அவனுடைய பிறந்தநாளுக்குக் கேக் அடிப்பா. அடுத்த நாள் காலை அண்ணை அதில் ஒரு துண்டை வெட்டிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய், வானில் ஏறிய அந்த இளைஞருக்குக் கொடுத்தார். அவர் அந்த இடத்திலேயே சாப்பிட்டு விரலையும் சூப்பினாராம். அன்று அணியில் ஒருவருக்கு வயிற்றுக் குழப்பம். பெடியனுக்கு முதல்முதலாக நாட்டுக்காக ஆட இடம் கிடைத்தது. நாற்பத்தொரு ஓட்டம். மாலையில் வானில் ஏறியதும் அண்ணையின் தோளில் தட்டி, கேக்குக்கு நன்றி என்றார். அத்தோடு அண்ணை முடிந்தார்.

முதலில் திரேசாக்காவும் சிரித்தா. தன்னுடைய கேக்கில் அடித்த ஓட்டம் என்று கோவிலில் எங்களிடம் சொன்னதும் உண்டு. போகப் போக அவவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கோவில் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பூசைக்கு வருகிற கருத்துகளை எழுதி எடுப்பது என் பொறுப்பு. எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி, கையெழுத்து வடிவு என்று பங்குச் சுவாமி தந்த வேலை. கொப்பியில் இடப்பக்கம் உயிரோடிருப்பவர்கள், வலப்பக்கம் மரித்தவர்கள். அண்ணை ஒவ்வொரு மாதமும் இடப்பக்கத்தில் இரண்டு பெயர் எழுதுவிப்பார். அமலன், பற்றிக். திரேசாக்கா ஒவ்வொரு கார்த்திகை மாதமும், மரித்த ஆன்மாக்களுக்குப் பெயர் கொடுக்கிற நேரம், என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, வலப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பெயர் கொடுக்காமலே போவா. வீட்டில் அமலனுடைய படத்துக்குக் கீழே ஒரு மெழுகுதிரி வைக்கவும் அண்ணை விடமாட்டார். படத்துக்குக் கீழே வெளிச்சம் வைப்பது செத்தவர்களுக்கு. அவன் செத்ததை யார் கண்டது என்பார்.

பெடியனுக்கு ஒருமுறை பருத்தித்துறை வடையும் ஓர் அந்தோனியார் சுரூபமும் பார்சல் பண்ணி அனுப்பினார். ஆறு மாதம் கழித்து, கையெழுத்திட்ட படம் ஒன்று வந்தது. அதை அமலனுடைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பதினேழு வயதோடு நின்றுபோன படம் ஒன்று. பக்கத்தில், தொலைக்காட்சியில் வருடத்துக்கு வருடம் மாறுகிற ஒருவருடைய முகம். அண்ணை அந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் முதலாவதை வளர்த்தார். பெடியன் தாடி விட்டபோது, அவனும் விட்டிருப்பான், சொன்னால் கேட்க மாட்டான் என்றார். பெடியனுக்கு முன்தலை கொட்டத் தொடங்கியபோது அவருக்கு ஒரே சந்தோசம். எங்கட பரம்பரையிலும் முப்பத்திரண்டில்தான் கொட்டும் என்று மின்தூக்கியில் ஏறிய எல்லோருக்கும் சொன்னார். பெடியன் கலியாணம் கட்டியபோது எங்கள் தளத்தில் எல்லா வீட்டுக்கும் பயற்றம் பணியாரம் வந்தது. கொண்டுவந்து தந்தது அண்ணை; சுட்டதும் அண்ணைதான். திரேசாக்கா கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருந்தா.

"ஊரார் பிள்ளைக்குப் பலகாரம். என்ர பிள்ளைக்கு ஒரு மெழுகுதிரி இல்லை" என்று என் மனைவியிடம் சொல்லி அழுதாவாம்.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன்.

ஒரு கார்த்திகை மாதம். மழை. கோவில் வாசலில் சனம் நெருக்கியடித்து மரித்தவர்களின் பெயர்த் துண்டுகளைக் கையில் திணிக்கிறார்கள். அண்ணையின் துண்டும் அதற்குள் வந்தது. நனைந்து, அமலனுடைய பெயர் இருந்த மேல்வரி கரைந்து, 'பற்றிக்' மட்டும் நின்றது. நான் வீட்டில் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வலப்பக்கத்தில் எழுதிவிட்டேன். ஞாயிறு பூசையில் வாசித்தார்கள். மரித்த பற்றிக்கின் ஆன்மா நித்திய இளைப்பாற்றியில் சேர வேண்டுமென்று முந்நூறு பேர் ஒரே குரலில் மன்றாடினோம். நானும் உருக்கமாக மன்றாடினேன். தலையை நிமிர்த்தினால், நாலாவது வாங்கு வரிசையில் அண்ணை நின்றபடி என்னையே பார்க்கிறார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தக் கிழமை பெடியன் ஒரு பாலைவன நாட்டில் ஆடினார். முதல் இன்னிங்ஸில் முட்டை. இரண்டாவதிலும் முட்டை. அணியிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

அண்ணை சுவாமியிடம் வழக்குக் கொண்டுபோனார். எந்தச் செபமும் வீணாகாது, பற்றிக் என்ற பெயருடைய வேறு ஏதாவதொரு ஆன்மாவுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும் என்று சுவாமி ஆறுதல் சொன்னார். அந்தப் பற்றிக் மோட்சத்துக்குப் போகிற வழியில் என் பெடியனுடைய ஓட்டத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டானா என்று அண்ணை கேட்டார். சுவாமி பலிபீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

ஆனால் அன்று பின்னேரம் அண்ணை என் வீட்டுக் கதவடியில் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, உம்மில எனக்குக் கோவமில்லை. ஆனா கை பழகிப்போடும். இண்டைக்குப் பற்றிக்கை அந்தப் பக்கம் எழுதினது நாளைக்கு மற்றவனையும் எழுதிப்போடும். கவனமாய் இரும்."

நான் அவருடைய கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினேன். பரிகாரமாக ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கு அவரோடு போனேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். பெடியன் தொலைத்த இடத்தையும் அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அண்ணையின் கணக்கு. ஒன்பது கிழமையில் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணை விடவில்லை. ஒன்பதை ஒன்பது தரம் பண்ணினார். ஒன்றரை வருடம் கழித்துப் பெடியனைத் திரும்ப எடுத்தார்கள். வந்த நேரம் சதம்.

அந்தச் சதம் விழுந்தது, பாருங்கள், மடு மாதா திருநாளுக்கு எங்கள் சனம் மிட்லண்டுக்கு யாத்திரை போகிற நாளில். அண்ணை ஒரு காதில் செபமாலையும் மற்றக் காதில் ஆட்டம் கேட்கிற கம்பியுமாக வெயிலில் நின்றார். செபமாலையின் நாலாம் பத்துமணிக் காரணிக்கத்தின் நடுவில் திடீரென்று இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி முழங்காலில் விழுந்தார். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று பக்கத்தில் நின்ற அன்ரிமாரும் முழங்காலில் விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் விழுந்தார்கள். அந்த வருடம் மிட்லண்டில் இருந்த பக்தியை இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு பெடியன் ஒரு தடவை, தலைவருக்குச் சுகமில்லாத நாளில், அணிக்குத் தலைமையும் தாங்கினார். பள்ளிக்கூட வேலையை விட்டு முழுநேரமாக ஆடினார். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முழங்கால் போனது, கத்தி வைத்தார்கள், திரும்ப ஓடினார். ஓட்டம் குறையத் தொடங்கியது. அண்ணை அவருடைய வயதைச் சொல்கிற குரலும் தாழத் தொடங்கியது.

அந்தக் காலத்தில்தான் திரேசாக்கா எங்கள் கட்டடத்தின் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் என்னைத் தனியாகப் பிடித்தா. இருதயத்தில் ஒரு வால்வு பழுது, திறந்து செய்கிற ஒப்பறேசன், பிழைக்கலாம் பிழைக்காமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவவின் கையில் ஒரு தலையணை உறை. அதை மடித்தபடி மடித்தபடி பேசினா.

"தம்பி, இவருக்குச் சொல்லாமல் பிள்ளையின்ர பேரை அந்தப் பக்கத்தில எழுதிவிடும்."

"அக்கா, அண்ணையைக் கேக்காமல் நான் எப்பிடி..."

"அவன் உயிரோட இருந்தால் அந்தச் செபம் அவனைச் சாக்காட்டாது. செத்திருந்தால் யோசிச்சுப் பாரும். இத்தினை வருசமாய் உத்தரிக்கிற ஸ்தலத்தில ஒரு பூசை, ஒரு மெழுகுதிரி இல்லாமல் நிக்கிறான். மற்றப் பிள்ளையளுக்கெல்லாம் தாய் தேப்பன் பூசை குடுத்து மேல மோட்சத்துக்கு ஏத்திப்போட்டினம். என்ர பிள்ளை மட்டும் கீழ நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது. நானும் போய்ச் சேர்ந்தால் அவனுக்கு ஆர் இருக்கினம்?"

நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். சத்தியம் பண்ணியவன். இயந்திரங்கள் சுற்றுகிற சத்தத்துக்குள் அவ தலையணை உறையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றா. பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் மனைவியும் இரண்டு நாள் பேசவில்லை. பூசைக்கு அந்தக் கொப்பியைத் திறக்கும் போதெல்லாம் என் பேனை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கும். எந்தப் பக்கம் எழுதினாலும் ஒருவர் சாவார்.

ஒப்பறேசனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இன்னும் ஐந்து கிழமை. அந்த நேரம் பார்த்துப் பெடியன் ஓய்வு அறிவித்தார். உடம்பு இனி இடம் கொடுக்காது, பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கப் போகிறேன், எல்லோருக்கும் நன்றி என்று நாலு வரி. முப்பத்தெட்டு வயது.

மூன்று ஞாயிறு அண்ணையைக் கோவிலில் காணவில்லை. மேலே போனேன். கதவைத் திறந்த திரேசாக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டா. அண்ணை வரவேற்பறையில் கதிரையில் இருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை. என்ன அண்ணை சுகமில்லையா என்று கேட்டேன். விளையாட்டுக்காரர் என்றால் ஒருநாள் நிற்பாட்டத்தானே வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சுவரிலிருந்த இரண்டு படத்தையும் பார்த்தார்.

"முப்பத்தெட்டு மட்டும் எனக்குத் தெரியும், தம்பி. முப்பத்தொன்பதில அவன் எப்பிடி இருப்பான் எண்டு எனக்குத் தெரியாது. இனி எனக்கு ஆர் காட்டுவினம்?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் விசரனில்லை. வான் ஓட்டின நாளிலயிருந்து எனக்குத் தெரியும், அது ஊரான் பிள்ளை எண்டு. ஆனா அவன் ஒவ்வொரு முறை துடுப்போட வெளியில வரேக்க, இவனும் எங்கயோ ஒரு கதவைத் திறந்துகொண்டு வாறான் எண்டு இருக்கும். அந்தக் கதவும் பூட்டியாச்சு."

திரேசாக்கா வெளியே வந்து அடுப்படி வாசலில் நின்றா. அண்ணை அவவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் சண்டை இல்லை. இருபது வருடம் இழுத்த கயிற்றை ஒருவர் விட்டால் மற்றவர் விழுந்துவிடுவாரோ என்று பார்க்கிற பார்வை.

"தம்பி, கொப்பி கொண்டுவந்தனீரோ?"

நான் கொண்டுபோகவில்லை. படிக்கட்டால் இறங்கி ஓடிப்போய் எடுத்து வந்தேன். மின்தூக்கிக்குக் காத்து நிற்கப் பயமாக இருந்தது, அதற்குள் மனம் மாறிவிடுவாரோ என்று. கொப்பியைத் திறந்து வலப்பக்கத்தை எடுத்ததும் அண்ணை தன் விரலை வரியில் வைத்துக் காட்டினார். நான் எழுதினேன். என் கையெழுத்து அன்று வடிவாக வரவில்லை.

"இவவின்ர ஒப்பறேசனுக்கு முன்னம் பூசை முடியவேணும்" என்றார்.

நினைவுப் பூசைக்குச் சின்ன அட்டை ஒன்று அடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு படம், பெயர், பிறந்த நாள், வயது, அடியில் ஒரு செபம். அந்த வேலையையும் நான்தான் பார்ப்பேன். அதனால் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். வயது என்ன போட?

திரேசாக்கா பதினேழு என்றா. அதே நேரத்தில் அண்ணை முப்பத்தெட்டு என்றார்.

நான் பேனையைத் தூக்கியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணை, பார்க்கிற சனம் பிழையென்று நினைக்கும், படம் பள்ளிக்கூட உடுப்போடு இருக்கிற படம் என்று இழுத்தேன்.

"சனம் என்னவும் நினைக்கட்டும். பதினேழில பிடிச்சுக்கொண்டு போனவங்கள். பதினேழில அவன் சாகேல்லை. அவனுக்குத் தாடி வந்ததை நான் கண்டனான். கலியாணம் கட்டினதைக் கண்டனான். முழங்கால் நொந்ததும் எனக்குத் தெரியும். பதினேழு எண்டு போட்டீரெண்டால் நான் கண்டதெல்லாம் பொய்யாய்ப் போயிடும்."

திரேசாக்கா இவ்வளவு காலமும் அந்தப் பெடியனுடைய பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறவ. அன்று வந்து அண்ணையின் கதிரைப் பிடியில் கையை வைத்தா.

"அவர் சொல்லுறதைப் போடும், தம்பி. பதினேழு மட்டும் நான் வளர்த்தனான். அதுக்குப் பிறகு வளர்த்தது அவர்தானே."

பள்ளிக்கூடச் சீருடையில், மீசை அரும்பாத ஒரு பிள்ளையின் படம். அதற்குக் கீழே வயது முப்பத்தெட்டு. அச்சகத்திலிருந்து எடுத்துக் கேட்டார்கள், பிழை இருக்கிறது போல என்று. பிழை இல்லை, அப்படியே அடியுங்கள் என்றேன். பூசையன்று அட்டையைப் பார்த்த ஒன்றிரண்டு பேர் என்னிடம் வந்து, உமக்குக் கணக்கும் தெரியாதா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணை பூசை முழுவதும் நின்றார். மற்றவர்கள் முழங்காலில் நின்ற நேரமும் அவர் நின்றார். திரேசாக்கா மெழுகுதிரியைக் கொளுத்த நெருப்புப் பெட்டியை நீட்டியது அவர்தான்.

ஒப்பறேசன் ஆண்டவர் கிருபையால் நல்லபடி முடிந்தது. திரேசாக்கா இன்றைக்கும் சுகமாக இருக்கிறா. போனது அண்ணைதான். சென்ற மாசி மாதம், விடியற்புறம், நித்திரையில். மருத்துவம், மாத்திரை எல்லாம் மனைவிக்கு என்று ஓடித்திரிந்த மனுசன் தன் இருதயத்தை யாருக்கும் காட்டவில்லை.

மரண அறிவித்தலைத் தமிழ் வானொலியில் கொடுத்தோம். பிறந்த இடம், வசித்த இடம், முழுப் பெயர் எல்லாம் முறைப்படி. முதல் நாள் பார்வைக்கு வைத்தபோது பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. இவ்வளவு பேரோடு பழகிய மனுசனுக்குப் பன்னிரண்டு பேரா? எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் என்னைக் கண்டு, ஆரோ எங்கட கட்டடத்து ஆள் ஒருவர் மோசம் போய்விட்டாராம், ஆரென்று தெரியுமா என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெயரில் அவரை ஒருவருக்கும் தெரியாது. அன்று மாலை வானொலிக்குத் திரும்ப அடித்து, 'அயர்லாந்து அண்ணை என்று அன்புடன் அழைக்கப்பட்ட' என்று சேர்க்கச் சொன்னேன். அடுத்த நாள் வாகனத் தரிப்பிடத்தில் இடமில்லை. பனிக்குள் வரிசையில் நின்று வந்து பார்த்தார்கள்.

செத்தவர்களுக்காகச் செபிக்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அண்ணைக்காகச் செபிக்கும்போது மட்டும் நான் ஆண்டவரிடம் ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கிறேன். மகனை எந்த வயதில் அவருக்குக் காட்டினீர் என்று. திரேசாக்கா போகிற நாளில் பதினேழாகவே காட்டட்டும், அது அவவுக்குத் தெரிந்த முகம். அண்ணைக்கு நிச்சயமாக முப்பத்தொன்பதைத்தான் காட்டியிருப்பார். அந்த ஒரு வயதைத்தான் மனுசன் பார்க்காமல் தவித்தவர்.